வெப்பமுறும் வையகம்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் உழவர் பெருமக்கள் வழிவழியாகக் கூறிவரும் பழமொழி. இன்ன திங்களில் மழை பெய்யும், இன்ன திங்களில் வெயில் காயும், இன்ன திங்களில் பனி விழும் என்று பல தலைமுறையினர் கண்டறிந்த பட்டறிவு இச்சிறு மொழியில் அடங்கியுள்ளது. ஓராண்டு மழை பொய்க்கலாம். மற்றோராண்டு வெயில் மிகலாம். ஆயினும் பருவங்கள் தம் முறை தவறாது மீண்டும் வரும் என்னும் நம்பிக்கையின்மீதே உழவுத் தொழில் நடைபெற்றது. அவ்வுழவின்மீதே ஊரும் நாடும் எழுந்தன. அந்நம்பிக்கையின் அடிப்படையே இன்று ஆட்டங் கண்டுள்ளது. அதனை ஆட்டியவன் மனிதன். அவ்வாறு நேர்ந்தது எங்ஙனம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் இரண்டு சொற்களின் வேறுபாட்டை உணர்தல் வேண்டும். ஒரு நாளின் வெயிலும் மழையும் காற்றும் 'வானிலை' எனப்படும். ஓரிடத்தின் வானிலையைப் பல்லாண்டுகள், பொதுவாக முப்பது ஆண்டுகள், கணக்கிட்டுக் காணும் பொதுநிலை 'தட்பவெப்ப நிலை' எனப்படும். வானிலை நாள்தோறும் மாறும். தட்பவெப்ப நிலையோ எளிதில் மாறாது. முற்காலத்தில் அது மாறியதுண்டு என்பது மெய்யே. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் வடபகுதியும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியும் பனிப்பாளத்தின் கீழ்க் கிடந்தன. ஞாயிற்றைச் சுற்றி வரும் நம் நிலவுலகின் பாதையிலும் சாய்விலும் நேரும் மிக மெதுவான மாறுதல்களே அதற்கு முதற்காரணம். அம்மாறுதல்கள் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. இன்று நாம் காணும் மாறுதலோ ஒன்றரை நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தது.

காற்றுப் போர்வை

மார்கழித் திங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவில் குளிர் மிகுதியாக இருக்கும். மேகம் மூடிய இரவில் அத்துணைக் குளிர் இராது. இதனை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். பகலெல்லாம் வெயிலால் சூடேறிய நிலம் இரவில் அவ்வெப்பத்தை வானை நோக்கி வெளிவிடுகின்றது. மேகம் இருப்பின் அது அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை ஏற்று மீண்டும் நிலத்திற்கே அனுப்புகின்றது. கம்பளிப் போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் காக்கின்றது. மேகம் செய்வதும் அத்தகைய பணியே.

மேகம் இல்லாத காலத்தும் அப்பணியைச் செய்யும் வாயுக்கள் சில காற்றில் உள்ளன. உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்; 21 பங்கு பிராணவாயு. இவ்விரண்டும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை. எஞ்சிய சிறு பகுதியில் உள்ள கரியமில வாயுவும், மீத்தேன் முதலிய வேறு சில வாயுக்களும், காற்றில் கலந்துள்ள நீராவியுமே வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவன. இவை ஞாயிற்றின் ஒளியை உள்ளே வரவிடுகின்றன. நிலத்திலிருந்து எழும் வெப்பத்தை எளிதில் வெளியே செல்லவிடுவதில்லை. குளிர் நாடுகளில் செடிகளைக் காப்பதற்குக் கண்ணாடி வீடுகள் அமைப்பர். உள்ளே புகுந்த வெப்பம் தங்கிவிடுவது பற்றி, வாயுக்களின் இச்செயலையும் 'பசுங்குடில் விளைவு' என்று வழங்குகின்றனர்.

இவ்விளைவு தன்னளவில் தீயதன்று. இவ்வாயுக்கள் அறவே இல்லையாயின், நிலவுலகின் சராசரி வெப்பநிலை நீர் உறையும் நிலைக்கும் கீழே 18 பாகையாக இருக்கும். அவை இருப்பதனாலேயே அது 15 பாகை சென்டிகிரேடு அளவில் நின்று, உயிர்கள் வாழ இடந்தருகின்றது. உணவிற்கு உப்புப் போன்றவை அவை. உப்பு இல்லையேல் உணவில்லை. உப்பு மிகினும் உணவில்லை.

உண்மையைக் கண்டவர்கள்

இவ்வுண்மை ஒருநாளில் ஒருவரால் கண்டறியப்பட்டதன்று. பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஜோசப் பூரியர், வளிமண்டலம் நிலவுலகின் வெப்பத்தைக் காக்கின்றது என்று 1824ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். 1856ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யூனிஸ் பூட் என்னும் பெண்மணி எளிய சோதனை ஒன்றைச் செய்தார். கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி, வெப்பமானிகளைப் பொருத்தி, வெயிலில் வைத்தார். கரியமில வாயு நிரம்பிய குழாய் ஏனையவற்றினும் மிகுதியாகச் சூடேறிற்று. நிழலுக்குக் கொண்டுவந்த பின்னரும் நெடுநேரம் ஆறாதிருந்தது. காற்றில் இவ்வாயு மிகுமாயின் உலகின் வெப்பமும் மிகும் என்று அவ்வம்மையார் எழுதினார். அவருடைய கட்டுரை அறிஞர் அவையில் மற்றொருவரால் படிக்கப்பட்டது. பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1859ஆம் ஆண்டில் ஜான் டிண்டால் என்பார் நுட்பமான கருவி அமைத்து, வெப்பக் கதிர்களை ஏற்பவை எவ்வெவ் வாயுக்கள் என்பதை ஐயமற நிறுவினார்.

சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் அரீனியசு 1896ஆம் ஆண்டில் இதனைக் கணக்கிடத் துணிந்தார். காற்றில் உள்ள கரியமில வாயு இருமடங்கானால் உலகம் ஐந்து அல்லது ஆறு பாகை வெப்பமுறும் என்று அவர் கண்டார். இக்காலக் கணக்கு அதனினும் ஓரளவு குறைவே. ஆயினும் கணிப்பொறி இல்லாத காலத்தில், கையாலேயே கணக்கிட்டு இந்த அளவை அணுகியது வியக்கத்தக்கது. எனினும் அவர் அதனைக் கண்டு அஞ்சவில்லை. அக்காலத்தில் எரிக்கப்பட்ட நிலக்கரியின் அளவை நோக்கி, வாயு இருமடங்காவதற்கு மிக நெடுங்காலம் ஆகும் என்றே எண்ணினார். மனிதன் எரிக்கும் வேகம் எவ்வளவு பெருகும் என்பதை அவர் அறிந்திலர்.

புதையுண்ட கரி

கரியமில வாயு எங்கிருந்து மிகுந்தது? மரஞ்செடிகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை ஏற்று, வெயிலின் துணையால் அதிலுள்ள கரியைத் தம் உடலாக்கிக் கொள்கின்றன. அவை மட்கும்போது அக்கரி பெரும்பாலும் காற்றுக்கே திரும்பும். வரவும் செலவும் ஒத்திருக்கும். ஆயின் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர்ச் சேற்றிலும் சதுப்பிலும் வீழ்ந்த காடுகள் முற்றும் மட்காமல் புதையுண்டு நிலக்கரியாயின. கடலடியில் படிந்த நுண்ணுயிர்கள் கல்லெண்ணெயாயின. நெய்வேலியில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியும் அவ்வாறு புதைந்த பழைய காடே. இங்ஙனம் இயற்கை, காற்றிலிருந்து கரியை எடுத்து நிலத்தின் அடியில் சேமித்து வைத்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொழிற்புரட்சி தோன்றியது. ஜேம்சு வாட்டு திருத்தியமைத்த நீராவிப் பொறி நிலக்கரியை உண்டு ஆலைகளை ஓட்டியது. பின்னர்ப் புகைவண்டியும், மோட்டார் வண்டியும், விமானமும், மின்நிலையங்களும் வந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த செல்வத்தை இருநூறு ஆண்டுகளில் எரிக்கத் தொடங்கினோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றே வேறுபடும். அதனை எரித்தால் உண்டாகும் கரியமில வாயுவின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோ. எரியும்போது கரி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடுவதாலேயே எடை இங்ஙனம் பெருகுகின்றது. கண்ணுக்குத் தெரியாமையால் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

எரிபொருள் மட்டுமே காரணம் என்று கருதுதல் வேண்டா. காடுகளை அழித்து எரிக்கும்போது மரங்களில் இருந்த கரி காற்றில் கலக்கின்றது. வாயுவை ஏற்கும் மரங்களும் குறைகின்றன. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அக்கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகின்றது. நீர் தேங்கிய நெல்வயல்களிலிருந்தும், ஆடுமாடுகளின் இரைப்பையிலிருந்தும், குப்பை மேடுகளிலிருந்தும் மீத்தேன் வாயு எழுகின்றது. வயலில் அளவின்றி இடும் தழைச்சத்து உரங்களிலிருந்தும் வெப்பத்தைத் தடுக்கும் வாயு ஒன்று வெளிப்படுகின்றது. இவற்றுள் முதலிடம் பெறுவது எரிபொருளே.

மலைமேல் ஒரு காவல்

அரீனியசுக்குப் பின்னரும் பலர், காற்றில் மிகும் வாயுவைக் கடல் முழுவதும் உறிஞ்சிக் கொள்ளும் என்று நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையைச் சோதிக்க அளவீடு வேண்டும். சார்லசு டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க இளைஞர், முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே அப்பணியை மேற்கொண்டார். பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள அவாயித் தீவில் மௌனா லோவா என்னும் எரிமலை உள்ளது. ஊர்களின் புகையும் காடுகளின் மூச்சும் எளிதில் எட்டாத அம்மலையில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், 1958ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய கருவி இயங்கத் தொடங்கியது. அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 313 பங்கு இருந்தது.

அளவுகளை வரைபடத்தில் குறித்தபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. ஆண்டுதோறும் அவ்வளவு ஏறி இறங்கிற்று. நிலப்பரப்பு மிகுந்த வடபாதி உலகில் கோடையில் மரங்கள் தழைத்து வாயுவை ஏற்கும்போது அளவு குறையும். குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்து மட்கும்போது கூடும். உலகமே மூச்சு விடுவதை முதன்முதலில் கண்டவர் கீலிங் எனலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் குறைவு முந்தைய ஆண்டின் நிலைக்கு இறங்கவில்லை. ஆண்டுக்காண்டு கோடு மேலேயே சென்றது.

இப்பணிக்கு இடையூறு வாராமல் இல்லை. போதிய பணம் இன்மையால் 1964ஆம் ஆண்டில் சில திங்கள் அளவீடு நின்றே போயிற்று. கீலிங் தளராது முயன்று அதனை மீண்டும் தொடங்கினார். 2005ஆம் ஆண்டில் மறையும் வரை அதனைக் கைவிட்டாரில்லை. அவருக்குப் பின்னரும் அது தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டில் அவ்வளவு 420 பங்கிற்கு மேற்பட்டது. அண்டார்க்டிகாவின் பனிப்பாளத்தைத் துளைத்தெடுத்த பனிக்கட்டியில் பழங்காலக் காற்று குமிழ்களாக அடைபட்டுள்ளது. அதனை ஆராய்ந்ததில், தொழிற்புரட்சிக்கு முன் அவ்வளவு ஏறத்தாழ 280 பங்காக இருந்ததும், கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளில் அது 300 பங்கை எட்டியதே இல்லை என்பதும் தெரிய வந்தன. நாம் அதனை ஒன்றரை மடங்காக்கி விட்டோம்.

ஐயமும் விடையும்

"இவ்வாயு மனிதனால்தான் மிகுந்தது என்பது என்ன உறுதி? எரிமலைகள் காரணமாகக் கூடாதா? ஞாயிறே மிகுதியாகக் காய்ந்திருக்கலாகாதா?" என்று ஒருவர் வினவலாம். இவ்வினாக்களை அறிஞர்களும் எழுப்பினர், ஒவ்வொன்றையும் சோதித்தனர்.

உயிருள்ள மரங்களின் கரியில் கதிரியக்கமுடைய கரியணுக்கள் சிறிதளவு உண்டு. நெடுங்காலம் புதைந்து கிடந்த நிலக்கரியில் அவை முற்றும் தேய்ந்து மறைந்திருக்கும். காற்றில் பழைய கரி கலந்தால், அதிலுள்ள கதிரியக்கக் கரியின் விகிதம் குறைதல் வேண்டும். அவ்வாறு குறைந்துள்ளதை 1950களிலேயே கண்டனர். எரிமலைகள் ஓராண்டில் வெளிவிடும் கரியமில வாயு, மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்கும் இராது. ஞாயிறு மிகுதியாகக் காய்ந்திருப்பின் வளிமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒருங்கே வெப்பமுற வேண்டும். உண்மையில் கீழடுக்கு வெப்பமுற, மேலடுக்கு குளிர்ந்து வருகின்றது. போர்வை தடித்தால் வெப்பம் உள்ளே தங்கும், வெளிப்புறம் குளிரும். எனவே காரணம் ஞாயிறன்று. போர்வையே என்பது தெளிவாகின்றது.

விளைவுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை 1.1 பாகை உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டு, அதுவரை அளந்தறிந்த ஆண்டுகள் அனைத்தினும் வெப்பம் மிக்கதாயிற்று. ஒரு பாகை என்பது சிறிதன்றோ என்று எண்ணற்க. நம் உடலின் வெப்பம் இரண்டு பாகை உயர்ந்தால் நாம் காய்ச்சலில் படுத்துவிடுகின்றோம். உலகின் சராசரி என்பதும் அத்தகையது.

இங்ஙனம் மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் கடலே ஏற்றுக் கொண்டது. சூடேறிய நீர் விரிவடையும். இமயம் முதலிய மலைகளின் பனியாறுகளும் கிரீன்லாந்தின் பனிப்பாளமும் உருகிக் கடலில் சேர்கின்றன. கங்கை தோன்றும் கங்கோத்திரிப் பனியாறும் பின்வாங்கி வருகின்றது. இக்காரணங்களால் 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. ஒரு சாண் அளவே எனினும், தாழ்ந்த கரையில் வாழ்வோர்க்கும், கிணற்று நீரில் உப்பேறக் காண்போர்க்கும் அது சிறிதாகாது.

வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆதலின் மழை பெய்யும் காலத்தில் பெருமழையாகவும், பெய்யாத காலத்தில் நிலத்தின் ஈரம் விரைவில் வற்றிக் கடும் வறட்சியாகவும் முடிகின்றது. ஆனால் ஒரு வெள்ளத்தை மட்டும் சுட்டி, 'இஃது இதனாலேயே விளைந்தது' என்று கூறிவிடுதல் பொருந்தாது. தாயக்கட்டையின் ஒரு பக்கத்தில் ஈயத்தை ஏற்றிவிட்டால், குறித்த எண் அடிக்கடி விழும். இந்த ஒரு வீச்சு ஈயத்தால் விழுந்ததா என்று கேட்டால் விடை கூற இயலாது. பல வீச்சுகளை நோக்கினால் உண்மை விளங்கும். நாம் வானிலை என்னும் கட்டையில் ஈயத்தை ஏற்றியுள்ளோம். ஏரிகளையும் வாய்க்கால்களையும் தூர்த்து வீடு கட்டுவோமாயின், வரும் வெள்ளத்தின் கேட்டையும் நாமே பெருக்கியவர்களாவோம்.

நெற்பயிர் பூக்கும் பொழுதில் வெப்பம் 35 பாகைக்கு மேற்பட்டால் மகரந்தம் கெட்டு மணிகள் பதராகும். இரவின் வெப்பமும் பயிரை வாட்டும். பிலிப்பைன்சு நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல்லாண்டு விளைச்சலை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். அங்கு வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு பாகை உயர்ந்தபோது நெல் விளைச்சல் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தது என்பது அம்முடிவு.

நம் கரையிலும் ஒரு சான்று உண்டு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் சூழ்ந்த சிறு தீவுகள் உள்ளன. பவள உயிரின் உடலினுள் நுண்ணிய பாசி தங்கி, அதற்கு உணவும் நிறமும் தருகின்றது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளுத்து நிற்கும். சூடு நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அப்பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. முன்னரே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தமையால், 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு கடலில் மூழ்கின. அன்று கடப்பாரை செய்த கேட்டை இன்று வெப்பம் தொடர்கின்றது. பவளப்பாறை மீன்குஞ்சுகளின் தொட்டில். அலைகளைத் தடுக்கும் மதில். அது மடிந்தால் மீனவன் வலையும் வெறுமையாகும்.

கடனும் கடமையும்

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. எரித்தவர் ஒருவர், துன்புறுபவர் மற்றொருவர். அமெரிக்க நாட்டில் ஒருவர் ஓராண்டில் வெளிவிடும் கரியமில வாயு, சராசரியாக இந்தியர் ஒருவர் வெளிவிடுவதைப் போல ஆறு மடங்கிற்கு மேற்பட்டது. புகைபோக்கி ஒன்றேனும் இல்லாத பவளத் தீவுகளில் வாழும் மக்கள் தம் நிலத்தையே இழக்கும் நிலையில் உள்ளனர். காற்றுக்கு எல்லைக்கல் இல்லை. ஆகவே எல்லா நாடுகளும் ஒருங்கு கூடியே இதனைத் தீர்த்தல் வேண்டும். மிகுதியாக எரித்தவர் மிகுதியான பொறுப்பை ஏற்றல் வேண்டும்.

ஒருங்கு கூடுதல் இயலுமோ என்று ஐயுற வேண்டா. வானின் ஓசோன் படலத்தைச் சில வாயுக்கள் அரித்து வருவதைக் கண்ட நாடுகள், 1987ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் உடன்படிக்கை செய்து அவற்றை விலக்கின. அப்படலம் இன்று மெல்லத் தேறி வருகின்றது. வெப்பமுறுதலைக் குறித்தும் 2015ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நாடுகள் உடன்பட்டன. வெப்ப உயர்வை 2 பாகைக்கு வெகுவாகக் கீழே நிறுத்துவதும், 1.5 பாகைக்குள் அடக்க முயல்வதும் அவ்வுடன்பாட்டின் குறிக்கோள். குறிக்கோள் எளிது, நிறைவேற்றல் அரிது. காற்றில் சேர்ந்த கரியமில வாயுவின் கணிசமான ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்கும். கடனுக்கு வட்டி ஏறுவது போல, காலந்தாழ்த்தும் ஒவ்வோர் ஆண்டும் பின்வருவோரின் சுமையை ஏற்றும்.

வழிகள் நம் கண்முன்னே உள்ளன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகின்றது. வானம் பார்த்த பூமி என்று இகழப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 2016ஆம் ஆண்டில் அமைந்த பெரிய சூரிய மின்நிலையம் வெயிலையே விளைவாக்குகின்றது. நெல்வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காது, காய்ச்சலும் பாய்ச்சலுமாக மாற்றி விட்டால் மீத்தேன் குறையும், நீரும் மிஞ்சும். காடுகளைக் காத்தலும், சதுப்பு நிலங்களைத் தூர்க்காதிருத்தலும் கரியை நிலத்திலேயே நிறுத்தும். மின்சாரத்தையும் எரிபொருளையும் வீணாக்காதிருத்தல் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது. ஆயினும் பெரிய மாறுதல் நாட்டின் சட்டத்தாலும் தொழிலின் திருத்தத்தாலுமே வரும். அவற்றைக் கேட்டுப் பெறும் அறிவுடைய குடிமக்களாக வளர்தல் மாணவர் கடமை.

கீலிங் மலைமேல் கருவியை வைத்தபோது அதனால் உடனடிப் பயன் ஒன்றும் விளையவில்லை. நாள்தோறும் பிழையின்றி அளந்தார். உண்மை தானே வெளிப்பட்டது. உண்மையை அறியாமல் செய்த பிழையை மன்னிக்கலாம். நம் முன்னோர் அறியாமல் எரித்தனர். நாமோ அறிந்தவர்கள். ஆடித் திங்கள் வந்ததும் வானத்தை நோக்கி விதையைக் கையிலெடுக்கும் உழவனுக்கு, மழை வரும் என்னும் அந்தப் பழைய நம்பிக்கையைக் காத்துக் கொடுப்பது நம் பொறுப்பாகும்.

பயிற்சி

1. வானிலைக்கும் தட்பவெப்ப நிலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கரியமில வாயுவைப் போர்வை என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்?
3. கீலிங் வரைந்த கோடு ஆண்டுதோறும் ஏறி இறங்குவதற்குக் காரணம் என்ன? அது மேலேயே செல்வதற்குக் காரணம் என்ன?
4. வெப்பம் மிகுந்தமைக்கு ஞாயிறு காரணமன்று என்பதை எவ்வாறு அறிந்தனர்?
5. நும் ஊரில் உள்ள ஏரி, குளம், தோப்பு ஆகியவற்றின் முன்னை நிலையையும் இன்றைய நிலையையும் முதியோரிடம் கேட்டறிந்து ஒரு கட்டுரை வரைக.